ஆல் வீல் டிரைவ் (நாலு சக்கரத்துக்கும் இழுவை போகும்) காரில் இன்ஜின் ஆயில் தவிர மற்ற ஆயில்களையும் மாற்ற வேண்டுமா? சர்வீஸில் ‘லைஃப்டைம் ஆயில்’, ஆயுசுக்கும் மாற்ற வேண்டாம் என்கிறார்களே?

மாற்ற வேண்டும். அநேகமாக உங்களுடையது வாரன்டி முடிந்த செகண்ட் ஹேண்ட் வண்டியாக இருக்கும். புது வண்டிக்காரர்கள் இதையெல்லாம் கேட்பதில்லை.

என்னிடம் இருப்பது பழைய ஹோண்டா சிஆர்-வி, 2.4 பெட்ரோல், ஆல் வீல் டிரைவ். ஊர் கோவை, மாமனார் வீடு கோத்தகிரி, அதனால் மலையேற்றம் சகஜம். திடீரென்று, ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்துத் திருப்பும்போது மட்டும் பின்னாலிருந்து ஒரு உறுமல் வர ஆரம்பித்தது. நேராகப் போனால் சத்தமே இல்லை. பெரிய சர்வீஸ் சென்டர் ஒன்றில் காட்டினேன் (பெயர் வேண்டாம்). ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்த்துவிட்டு, “பின் டிஃபரன்ஷியல் போயிடுச்சு சார், முழு அசெம்பிளியும் மாத்தணும்” என்று, பின்சக்கரங்களுக்குச் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் அந்த கியர் பெட்டிக்கு எஸ்டிமேட்டை நீட்டினார்கள். அந்தக் காசுக்கு ஓடுகிற பழைய ஆல்டோ ஒன்றே வாங்கிவிடலாம். ஆயில் கடைசியாக எப்போது மாற்றியது என்று அங்கே ஒருவர்கூடக் கேட்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

இந்த வண்டியின் பின் டிஃபரன்ஷியலுக்குள் இரண்டு ஆயில் பம்ப் உண்டு. ஒன்று முன்சக்கர வேகத்துக்கும் மற்றது பின்சக்கர வேகத்துக்கும் சுற்றும். இரண்டுக்கும் வித்தியாசம் வந்தால் ஆயில் அழுத்தம் ஏறி, கிளட்ச் பிளேட்டுகள் பிடித்து, பின்சக்கரத்துக்கும் இழுவை போகும். வளைவில் முன்னும் பின்னும் ஒரே வேகத்தில் சுற்றாது, அதனால் பிளேட்டுகள் லேசாகப் பிடித்து வழுக்கும். ஆயில் செத்துப்போயிருந்தால் வழுக்காமல் விக்கி விக்கிப் பிடிக்கும். அந்த உறுமல் அதுதான்.

நேராக எங்கள் ஏரியா மெக்கானிக்கிடம் போனேன். அவரோ, “கிரவுன் ஆயில்தானுங்க, 90 ஊத்திட்டா முடிஞ்சுதுங்க” என்றார். டிஃபரன்ஷியல் ஆயிலைத்தான் கிரவுன் ஆயில் என்பார்கள், 90 என்பது கெட்டியான கியர் ஆயில். லாரிக்குச் சரி, கிளட்ச் உள்ள இந்தப் பெட்டிக்கு ஆகாது. இதற்கென்று ஹோண்டா விற்கும் டூயல் பம்ப் ஃப்ளூயிட் 2 தான் வேண்டும். நானே வாங்கிக் கொடுத்தேன்.

முதலில் மேலே இருக்கும் ஃபில்லர் பிளக்கைக் கழற்றச் சொல்லுங்கள். கீழே ஆயிலை வடித்துவிட்டு, அப்புறம் மேல் பிளக் இறுகிக் கிடப்பது தெரிந்தால் வண்டி ராம்ப்பிலேயே நிற்க வேண்டியதுதான். எனக்கு வடிந்த ஆயில் கன்னங்கரேல் என்று தீய்ந்த நாற்றத்தோடு வந்தது. டிரெயின் பிளக்கின் காந்தத்தில் மை மாதிரி ஒரு பசை. விரலில் தேய்த்தால் வழவழவென்று இருந்தால் பயமில்லை, இரும்புச் சில்லு தட்டுப்பட்டால்தான் கவலைப்பட வேண்டும். வாஷர் புதுசு போட்டு, கைப்பம்பால் மேல் துளையில் வழிகிற வரை ஏற்றினார். சுமார் ஒரு லிட்டர்தான் பிடிக்கும். பிறகு காலி மைதானத்தில் ஸ்டியரிங்கை ஒடித்துப் பிடித்தபடி மெதுவாக வட்டம் அடித்தோம். பிளேட்டுகளுக்கு நடுவே புது ஆயில் போகப் போக உறுமல் குறைந்து, நின்றே விட்டது.

“எல்லா சத்தத்துக்கும் ஆயில்தான் மருந்தா?” என்று யாராவது வருவீர்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. நேராக ஓடும்போதும் ஊளையிட்டால் பேரிங்காக இருக்கலாம், ஆயில் மாற்றிப் பயனில்லை. மற்ற கம்பெனி வண்டிகளில் அமைப்பே வேறு, ஆயிலும் வேறு. உங்கள் வண்டியின் கையேட்டைப் பாருங்கள். ஹோண்டாவில் மெயின்டனன்ஸ் மைண்டர் (எந்த சர்வீஸ் எப்போது என்று எண்ணால் காட்டும் வசதி) உள்ள மாடல் என்றால் டாஷ்போர்டில் 6 வந்தால் பின் டிஃபரன்ஷியல் ஆயில், 3 வந்தால் கியர்பாக்ஸ் ஆயில். ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் ஒருமுறை வடித்தால் ஒரு பங்குதான் இறங்கும், மிச்சம் இன்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் டார்க் கன்வெர்ட்டரில் தங்கிவிடும். அதனால் ஒரே தடவையில் முழுசாகப் புதுசாகிவிடாது.

இதை வீட்டிலேயே செய்யலாம்தான். ஆனால் எங்கள் அபார்ட்மென்டில் பார்க்கிங்கில் ஜாக்கியை எடுத்தாலே அசோசியேஷன் குரூப்பில் போட்டோ வந்துவிடும். அந்த அசோசியேஷன் செக்ரட்டரியின் ஸ்கூட்டரிலிருந்து சொட்டும் ஆயில் லிஃப்ட் வாசல் வரை கோடு போட்டிருக்கிறது, அதற்கு மட்டும் சர்க்குலர் கிடையாது. சரி, அது வேறு கதை.

வெளியே கொடுத்துச் செய்தால் ஆயில் கேனை நீங்களே வாங்கிக்கொண்டு போங்கள். சீலை உங்கள் கண்முன் உடைக்கச் சொல்லுங்கள்.