சுங்கை சிப்புட் பாடாங்ல (திடல்ல) பந்து ஆடுற பசங்க கேட்டது: ஓட்டம், தண்ணி, வயிறு

தோட்டத்து மருந்தகத்துல டிரஸ்ஸரா (மருத்துவ உதவியாளரா) இருந்து ரிட்டையர் ஆனவன். வயிறு, வேர்வை, தண்ணி பத்தி கேளுங்க.

செகண்ட் ஹாஃப்ல வயிறு பிசையுதுண்ணே, பயந்தாங்கொள்ளின்னு கோச் திட்டுறாரு.

பயம் இல்ல தம்பி. ஓட ஆரம்பிச்சதும் உடம்பு ரத்தத்த காலுக்கும், சூடு தணிக்க தோலுக்கும் திருப்பி விட்டுடும், குடலுக்குப் போறது கொறஞ்சிடும், மூச்சு முட்ட ஓடினா 80 விழுக்காடு வரைக்கும் கொறையும், தண்ணி குடிக்காம ஓடினா இன்னும் மோசம். ரத்தம் பத்தாத குடல் அடிபடும், உள்சுவரு கசியும், அதான் பிசையல், குமட்டல், பேதி. ரொட்டி சானாய் தின்னுட்டு எறங்காத. மூணு மணி நேரம் முன்னாடியே எண்ணெ கம்மியா சோறு சாப்பிடு.

வலி வராம இருக்க முன்கூட்டியே ஐபுபுரோஃபென் வலி மாத்திரை போடலாமா?

வேணாம். வேணவே வேணாம். ரத்தம் கொறஞ்ச குடல அது புண்ணாக்கும், கிட்னிக்கும் அடி. ஒரு பையன் கோல்போஸ்ட் பக்கத்துல வயித்தப் புடிச்சிக்கிட்டு குந்தியிருந்தான், உதடெல்லாம் வெளுத்துப் போச்சு, காலையில வெளிக்கி தார் மாதிரி கருப்பா போச்சுன்னு என் காதுல மட்டும் சொன்னான். பாக்கெட்ல மாத்திரை அட்டை, நாலு குழி காலி. கையோட ஆஸ்பத்திரிக்கு அனுப்பிட்டேன். கருப்பாவோ ரத்தமாவோ போனா வெக்கப்படாதீங்கடா, அன்னிக்கே டாக்டரப் பாருங்க.

எவ்ளோ தண்ணி குடிக்கணும்?

ஆடறதுக்கு முன்ன பின்ன எடை பாரு. 1 கிலோ கொறஞ்சா ஏறக்குறைய 1 லிட்டர் பத்தல. உடம்பு எடையில 2 விழுக்காட்டுக்கு மேல கொறைய விடாத. எடை ஏறியிருந்தா அளவுக்கு மேல குடிச்சிருக்க, ரத்தத்துல உப்பு நீர்த்துப் போயி வலிப்பு கூட வரலாம். ஒரேடியா ஊத்திக்காம மடக்கு மடக்கா குடி.

போன்ஸ்டான் வலி மாத்திரை போடலாமா?

அதுவும் ஐபுபுரோஃபென் குடும்பம்தான். மேல சொன்னதுதான் இதுக்கும்.

முட்டி வலிக்குதுண்ணே.

பிசியோகிட்ட போ.

குடிக்க 100 பிளஸ் பானமா, இளநீரா?

ஓடுறப்ப காஸ் வயித்த ஊத வைக்கும், 100 பிளஸ்ல காஸ் இல்லாததா வாங்கு. இளநீர்ல பொட்டாசியம் நெறைய, சோடியம் கம்மி. வேர்வையில போறது பெரும்பாலும் சோடியம், அதனால ஒரு சிட்டிகை உப்பு போட்டுக்க.

எங்க தாத்தா வெறும் இளநீர் குடிச்சே காலமெல்லாம் செம்பனை அறுத்தாரு!

தாத்தா மத்தியானம் உப்புக் கருவாடும் ரசமும் சாப்பிட்டிருப்பாருய்யா, உப்பு அங்க வந்துடுச்சு. நீ வெறும் வயித்துல ஆடுற.

அப்ப உப்புத்தண்ணியே போதும்ல?

போதாது. சீனியும் உப்பும் ஜோடியாத்தான் குடல் சுவரத் தாண்டும், தண்ணி அதுங்க பின்னாடியே போகும். ரெண்டும் கொஞ்சம் கொஞ்சம் போடு.

பெயின்கில்லர் ஒண்ணே ஒண்ணுண்ணே, ஃபைனல் மட்டும்?

ஃபைனலுக்கும் அதே குடல்தான் தம்பி. போடாத.