நாங்கள் மட்டும் பார்த்தால் தப்பா?

கேள்வி: என் மகன் கல்லூரியில் படிக்கிறான். புதுப்படம் வந்த மறுநாளே டாரன்ட்டில் இறக்கி வீட்டு டிவியில் போட்டுவிடுகிறான். கேட்டால், “விற்கவா போறேன்? நாம பார்க்க சட்டமே அனுமதிக்குதும்மா” என்கிறான். உண்மையா மேடம்? போலீஸ் வருமா?
- ஒரு வாசகி, தண்டையார்பேட்டை

பதில்: அவன் சொல்வதற்குச் சட்டத்தில் ஓர் இடம் இருக்கிறது, அம்மா. 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, சொந்த உபயோகத்துக்கு ஒரு படைப்பை நியாயமான முறையில் கையாண்டால் அது உரிமை மீறல் இல்லை என்கிறது. 2012 திருத்தத்துக்குப் பிறகு இது சினிமாவுக்கும் பொருந்தும். ஆனால் தியேட்டரில் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு படத்தை, திருட்டுத்தனமாக ஏற்றியவனிடமிருந்து முழுசாக இறக்கி வைத்துக்கொள்வது நியாயமான முறைதான் என்று நீதிபதி முன்னால் வாதாட எனக்குத் துணிச்சல் இல்லை. ஹார்ட் டிஸ்க்கில் சேமிப்பதும் நகல் எடுப்பதுதான்; 14-ஆம் பிரிவிலேயே அது இருக்கிறது.

எனக்கு அதைவிடக் கவலை டாரன்ட்தான். அதில் இறங்கும்போதே, இறங்கிய துண்டுகள் உங்கள் வீட்டிலிருந்து முகம் தெரியாத பலருக்கும் போய்க்கொண்டிருக்கும். ‘நாங்கள் மட்டும் பார்க்கிறோம்’ என்ற பேச்சே அங்கே எடுபடாது.

தெரிந்தே மீறினால் 63-ஆம் பிரிவின்படி 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50 ஆயிரம் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். வியாபார லாபத்துக்காகச் செய்யவில்லை என்றால், காரணத்தைப் பதிவு செய்து நீதிமன்றம் தண்டனையைக் குறைக்கலாம். ஆனால் இது வாரன்ட் இல்லாமல் கைது செய்யக்கூடிய, ஜாமீனை உரிமையாகக் கேட்க முடியாத குற்றம் என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

போலீஸ் வருமா என்றால், பாரிமுனையில் வக்கீல் தொழில் பார்க்கும் நான் பார்த்த வழக்குகள் எல்லாம் விற்றவர்கள், ஏற்றியவர்கள் மீதுதான். பர்மா பஜாரில் திருட்டு சிடி கொடிகட்டிப் பறந்த நாளில், 2004-இல், வீடியோ திருடர்களைக் குண்டர் சட்டத்துக்குள்ளேயே கொண்டுவந்தார்கள். தியேட்டரில் கேமரா வைத்துப் பதிவு செய்பவர்களுக்கு 2023 முதல் குறைந்தபட்ச அபராதமே 3 லட்சம். வீட்டில் பார்த்த பையனைத் தேடி வந்ததாக என் அனுபவத்தில் இல்லை. அதை நம்பி இருந்துவிடாதீர்கள். நம் பகுதிப் பிள்ளைகள் கப்பல் வேலைக்கும் வெளிநாட்டுக்கும் போகிறவர்கள். ஒரு கிரிமினல் வழக்கு நிலுவையில் இருந்தாலே பாஸ்போர்ட் சிக்கலாகிவிடும்.

பழைய படங்கள் வேறு கதை. வெளியான ஆண்டு முடிந்து 60 ஆண்டு கடந்துவிட்டால் படத்தின் மீதான உரிமை போய்விடும், தாராளமாகப் பார்க்கலாம். பாட்டுக்கு மட்டும் தனிக் கணக்கு உண்டு.

முதலில் அந்த டாரன்ட் மென்பொருளை எடுக்கச் சொல்லுங்கள். அப்புறம், நண்பன் மொபைல் கடையில் மெமரி கார்டுக்குப் படம் ஏற்றித் தரும் வேலைக்கு மட்டும் எக்காரணம் கொண்டும் அனுப்பாதீர்கள். அங்கே காசு கை மாறுகிறது. ‘சொந்த உபயோகம்’ என்று சொல்லவே வழியில்லை.