தபால்காரர் கட்டிய பாட்டு

அன்புள்ள ஐயா,

அமெரிக்கப் பாடகர் ஜான் பிரைனைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு அவர் பாட்டைக் கேட்டேன். செத்ததும் தன்னைப் புதைக்காமல் கூறுபோட்டுக் கொடுத்துவிடச் சொல்லும் பாட்டு. சிரிப்பு வந்தது, ஆனால் இதைத் தீவிரமான கலை என்று எப்படிச் சொல்கிறீர்கள்? குரலும் கரகரவென்று இருக்கிறது. எந்த ஆல்பத்தில் தொடங்கலாம்?

ர.

அன்புள்ள ர.,

குரலை விடுங்கள். 1998இல் கழுத்தில் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை செய்துகொண்ட மனிதர். அதற்கு முன்பும் ஒன்றும் குயில் இல்லை.

'சிரிப்பு வந்தது, ஆனால்' என்கிறீர்களே, அந்த 'ஆனால்'தான் எரிச்சலாக இருக்கிறது. அழவைத்தால் இலக்கியம், சிரிக்கவைத்தால் துணுக்கு என்று உங்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தது?

பிரைன் சிகாகோவை ஒட்டிய மேவுட்டில் தபால்காரராக இருந்தவர். பையைச் சுமந்து நடக்கும்போதே பாட்டுக் கட்டுவார். வியட்நாம் போர்க் காலம். ரீடர்ஸ் டைஜஸ்ட் இதழோடு தேசியக்கொடி ஸ்டிக்கர் வந்தது. வீடுவீடாகக் கொண்டுபோய்ப் போட்டது இவர்தான். மறுநாள் போனால் தெரு முழுக்கக் கொடி. அதிலிருந்து வந்தது ஒரு பாட்டு: கார் கண்ணாடி முழுக்கக் கொடியாக ஒட்டிய ஒருவன், வழி தெரியாமல் மரத்தில் மோதிச் சாகிறான். சொர்க்கத்திலும் இடமில்லை என்று சொல்லிவிடுகிறார்கள். கேட்டால் வாய்விட்டுச் சிரிப்பீர்கள். இந்தப் பாட்டு வந்த 1971 ஆல்பத்திலேயே, அதே போரிலிருந்து மார்ஃபின் பழக்கத்தோடு வீடு திரும்பி அழிந்துபோகும் சிப்பாயின் பாட்டும் இருக்கிறது. அதற்கு எல்லோரும் கண் கலங்குகிறார்கள். சரி. ஆனால் அந்தச் சிப்பாயை அங்கே அனுப்பியது யார்? கண்ணாடியில் கொடி ஒட்டியவன்தானே? சிரிப்புப் பாட்டு இல்லாமல் அழுகைப் பாட்டு பாதிதான், ஐயா!

என் அப்பாவும் தபால்காரர். ராத்திரி சாப்பிடும்போது தன் பீட்டில், அதாவது தான் தபால் கொடுக்கும் தெருக்களில், உள்ளவர்களை எல்லாம் நடித்துக்காட்டுவார். ஒரு பாட்டிக்கு மகனிடமிருந்து மணியார்டர் வருவது நின்றுபோயிருந்தது. ரயில் தாமதம் என்று அப்பா மாதாமாதம் பொய் சொல்லிக்கொண்டிருந்தார். பாட்டி நடுத்தெருவில் நின்று ரயில்வேயைத் திட்டியதை ஒருநாள் அப்படியே பேசிக்காட்டினார். எங்களுக்கெல்லாம் புரையேறிவிட்டது. அம்மாவும் சிரித்துக்கொண்டேதான் எழுந்து அடுக்களைக்குப் போனாள். கொஞ்ச நேரம் கழித்து உள்ளே மூக்குச் சிந்தும் சத்தம் கேட்டது. அப்பா தலையைக் குனிந்து ரசத்தைப் பிசைந்துகொண்டிருந்தார்.