பாட்டிக்கு, அம்மாவுக்கு, அடுத்து எனக்கா?

*ஐயா, வணக்கம். பாட்டிக்குக் கடைசிக் காலத்தில் மறதி நோய். இப்போது 74 வயதில் அம்மாவுக்கும் அல்சைமர் தொடங்கியிருக்கிறது. எனக்கும் வருமா? மரபணுச் சோதனை எடுக்கச் சொல்கிறான் தம்பி. மூளையின் எதிர்ப்பு செல்களே மூளையைத் தின்கின்றன என்று வாட்ஸ்அப்பில் வந்தது, உண்மையா? அம்மாவுக்கு வல்லாரை கொடுக்கலாமா?*
*— ஒரு வாசகி, பட்டர்வொர்த், பினாங்கு*

அன்புள்ள சகோதரி,

அம்மாவின் வயதை வைத்தே பாதி பதில் சொல்லிவிடலாம். பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்தாலே பெரும்பாலும் நோயைத் தந்துவிடும் மரபணுக் கோளாறுகள் உண்டு. ஏபிபி, பிரெசெனிலின் மரபணுக்களில் வருபவை. மிக அபூர்வம். பொதுவாக 65 வயதுக்கு முன்பே தாக்கிவிடும். 74இல் தொடங்கியது அந்த வகையாக இருக்க வாய்ப்பு குறைவு.

தம்பி சொல்வது அநேகமாக ஏபிஓஇ என்ற மரபணுவுக்கான சோதனை. அதன் இ4 வகை ஆபத்தைக் கூட்டும் என்பது 1993இலேயே தெரிந்த விஷயம். ஆனால் இ4 இருந்தும் நோய் வராதவர்கள் உண்டு, இல்லாமலே வந்தவர்களும் உண்டு. நானாக இருந்தால் அந்த ரிங்கிட்டைச் செலவழிக்க மாட்டேன். முடிவைத் தெரிந்துகொண்டு என்ன செய்யப்போகிறீர்கள், தூக்கம் கெடுவதைத் தவிர?

வாட்ஸ்அப் செய்தி பாதி உண்மை. அந்த செல்களுக்கு மைக்ரோக்ளியா என்று பெயர். 1919இல் ஸ்பெயின் நாட்டு டெல் ரியோ ஓர்டேகா அடையாளம் கண்டவை. நாம் கருவில் இருக்கும்போதே மூளைக்குள் குடியேறி, செத்த செல்களையும் கழிவையும் விழுங்கி வாழ்பவை. 2012இல் அவற்றின் மேற்பரப்பிலுள்ள ட்ரெம்2 என்ற ஏற்பி, அதாவது வெளியிலிருந்து வரும் சமிக்ஞையைப் பிடித்து செல்லுக்குச் சொல்லும் புரதம், பேசுபொருளானது. அதன் மரபணுவில் அபூர்வமான ஒரு மாற்றம் இருந்தால் அல்சைமர் ஆபத்து சில மடங்கு கூடுகிறது. காரணம், அந்த மாற்றம் ஏற்பியை மந்தமாக்கிவிடுகிறது. அல்சைமரில் மூளையில் சேரும் அமிலாய்டு என்ற புரதப் படிவுகளைச் சுற்றி வளைக்க வேண்டிய செல்கள் சரியாகக் கூடுவதில்லை. அதாவது இங்கே தொல்லை, அவை தின்பதால் அல்ல, தின்னாததால்! அப்புறம், இதே செல்கள் அளவு மீறிக் கிளர்ந்தால் அழற்சியை வளர்க்கும், நரம்புகளின் இணைப்புகளையும் விழுங்கும். எலிகளில் இதைப் பார்த்திருக்கிறார்கள். சரி, ட்ரெம்2ஐத் தூண்டிவிட்டால் போதாதா? அப்படி ஒரு மருந்தைச் சோதித்தார்கள். 2024இல் வந்த முடிவு, பலனில்லை.

உங்களுக்கு நான் சொல்வது: சர்க்கரை, ரத்த அழுத்தம், கெட்ட கொழுப்பு, காது கேட்கும் திறன், நான்கையும் பரிசோதித்துக்கொள்ளுங்கள். நடுவயதிலேயே இவற்றைக் கவனித்தால் ஆபத்து குறையும். நம் வீடுகளில் சர்க்கரையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

வல்லாரை, தாராளமாகக் கொடுங்கள். மலாய்க்காரர்கள் பெகாகா என்று ஊலாம் என்ற பச்சைக்கீரை உணவில் வைத்துச் சாப்பிடுவது அதைத்தான். துவையலாகவே இருக்கட்டும். வில்லைகளாக விற்பதை வாங்குவதானால் மட்டும் அம்மாவின் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.