குறுக்கு வலியும் அன்றாடச் சுமையும்: கேள்வி பதில்

ரங்கூனில் 21 வருடமாக பிசியோதெரபி பார்க்கிறேன். போன வாரம் கோயில் மண்டபத்தில் பேசி முடித்ததும், கேள்விகளைச் சீட்டில் எழுதித் தரச் சொன்னேன். பெயர் வேண்டாம், இடமும் வேலையும் போதும் என்றேன். மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் குறுக்கு வலியை நாள்பட்டது என்போம். வந்த சீட்டுகளில் அநேகமாக எல்லாமே அந்த ரகம்.

மொகல் தெரு, இல்லத்தரசி: அக்கா, ஐந்தாம் மாடியில் இருக்கிறோம், லிஃப்ட் கிடையாது. 20 லிட்டர் தண்ணீர் கேனை ரெண்டு நாளைக்கு ஒருமுறை நான்தான் மேலே ஏற்றுகிறேன். மூணு வருடமாகக் குறுக்கு வலி. ஸ்கேனில் டிஸ்க் தேய்ந்திருக்கிறது என்றார்கள். இனிமேல் எதையும் தூக்கவே கூடாதா?

தூக்கலாம் தங்கச்சி. முதலில் அந்த ஸ்கேன் பயத்தை இறக்கி வை. முதுகு வலியே இல்லாதவர்களை ஸ்கேன் எடுத்த ஆய்வுகளை எல்லாம் 2015-ல் ஒன்றாகத் திரட்டிப் பார்த்தார்கள். 20 வயதுக்காரர்களிலேயே 37 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்மானம் இருந்தது. 80 வயதில் அது 96 சதவீதம். தலை நரைக்கிற மாதிரி அதுவும் வயதோடு வருவது. உன் வலிக்கு அதுதான் காரணம் என்று படத்தை மட்டும் பார்த்து யாரும் சொல்லிவிட முடியாது.

ஆனால் கேன் சங்கதி வேறு. தண்ணீர் மட்டுமே 20 கிலோ, நம்மூர்க் கணக்கில் 12 வீசைக்கு மேல். வேலையிடப் பாதுகாப்பை ஆராயும் அமெரிக்க அமைப்பான நியோஷ், எல்லாம் சாதகமாக இருந்தால்கூட 23 கிலோவைத்தான் உச்ச அளவாக வைத்திருக்கிறது. சாதகம் என்றால் சுமை உடம்போடு ஒட்டி, இடுப்பு உயரத்தில், நல்ல பிடியோடு, உடம்பைத் திருப்பாமல் தூக்குவது. ஈரமான கேனை இருட்டுப் படியில் ஒரு பக்க இடுப்பில் சாய்த்துக்கொண்டு ஏறும்போது இதில் ஒன்றுகூட இல்லை.

ஒரு சின்னக் கணக்கு சொல்கிறேன். முதுகுத் தசை முள்ளெலும்பின் நடுவிலிருந்து ஐந்து, ஆறு சென்டிமீட்டர் தூரத்தில்தான் இழுக்கிறது. கையை நீட்டி 50 சென்டிமீட்டர் தள்ளி 10 கிலோவைப் பிடித்தால், அந்தச் சுமைக்காக மட்டுமே தசை 100 கிலோ அளவுக்கு இழுத்துப் பிடிக்க வேண்டும். அதையே வயிற்றோடு அணைத்துக்கொண்டால் பாதியாகக் குறைந்துவிடும். எடை அதே 10 கிலோதான்.

அதனால் பெரிய கேன் கீழேயே இருக்கட்டும். கைப்பிடி உள்ள 5 லிட்டர் குடுவை இரண்டு வாங்கு. ஒவ்வொரு கையிலும் ஒன்று, அப்போது எடை இரண்டு பக்கமும் சமமாக இருக்கும். இரண்டாம் மாடியில் கீழே வைத்துவிட்டு ஒரு நிமிடம் நில். ஒரே நடையில் முடிக்க வேண்டும் என்கிற வைராக்கியம்தான் நம் பெண்களின் முதுகை வாங்குகிறது. பெரிய கேனே வேண்டும் என்றால் தூக்குகிற பையனுக்குக் காசு கொடு. அதை வீண் செலவு என்று நினைக்காதே.

அப்புறம், உன் பால்கனியிலும் கயிறு தொங்கும்தானே? நுனியில் கிளிப், மேலே ஒரு சின்ன மணி. பேப்பருக்கும் காய்கறிக்கும் மட்டும் அதை வைத்திருக்கிறோம். அரிசி, எண்ணெய், சோப்பு எல்லாவற்றையும் இரண்டு, மூன்று கிலோவாகப் பிரித்துப் பையில் கட்டி அதிலேயே ஏற்று. கம்பிமேல் குனிந்து இழுக்காதே. ஒரு கால் முன்னே, ஒரு கால் பின்னே வைத்து நேராக நின்று, கை மாற்றிக் கை மாற்றி இழு. தண்ணீரை மட்டும் கயிற்றில் ஏற்ற வேண்டாம், கீழே ஆள் நடமாட்டம் இருக்கும்.

தாமுவே, கடை ஊழியர்: இடுப்பு பெல்ட் கட்டிக்கொண்டால் மூட்டை தூக்கலாமா அண்ணி?

பெல்ட் கட்டினால் தைரியம் வருகிறது, கூடவே மூட்டையும் பெரிதாகிறது. நாள்பட்ட குறுக்கு வலிக்கு உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதலில், இடுப்பு பெல்ட்டை வழக்கமான சிகிச்சையாகக் கொடுக்க வேண்டாம் என்றே சொல்லியிருக்கிறது. அந்தக் காசுக்கு ஒரு தள்ளுவண்டி வாங்கப் பாருங்கள் தம்பி. அதை இழுக்காமல் தள்ளுங்கள்.

இன்செய்ன், கணினி வேலை: சுற்று ரயிலில் தினமும் ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றபடி போகிறேன். ஒரு தோளில் தொங்கும் ஷான் துணிப்பை, அதில்தான் லேப்டாப். சாயங்காலம் இடது பக்கக் குறுக்கு இறுகிவிடுகிறது.

உன்னை மாதிரி ஒரு தம்பி என்னிடம் வந்தான். பையைத் தராசில் வைத்தோம், 7 கிலோ. ஒவ்வொன்றாக வெளியே எடுத்தேன். லேப்டாப், அதன் சார்ஜர், மின்வெட்டுக்காக இரண்டு பவர் பேங்க், குடை, இரண்டு லிட்டர் தண்ணீர், மூன்று அடுக்கு டிபன் கேரியர், போன மாதம் படித்து முடித்த ஒரு தடிப் புத்தகம். புத்தகத்தையும் ஒரு பவர் பேங்கையும் வீட்டில் வைக்கச் சொன்னேன். தண்ணீரை அரை லிட்டராக்கி, ஆபீஸில் நிரப்பிக்கொள்ளச் சொன்னேன். 7 கிலோ நாலரைக்கு வந்தது.

ஷான் பை அழகுதான், நானும் வைத்திருக்கிறேன். ஆனால் எடை முழுக்க ஒரு தோளில் தொங்குவதால், உடம்பு சாயாமல் இருக்க எதிர்ப்பக்கத் தசை ஓயாமல் இழுத்துக்கொண்டே இருக்கும். லேப்டாப்புக்கு இரட்டைப் பட்டை முதுகுப்பை வாங்கு. லேப்டாப் முதுகை ஒட்டியும் கேரியர் அதற்கு அடுத்தும் இருக்கட்டும். பட்டையை இறுக்கு, பை பின்புறத்தில் இடிக்கும்படி தொங்கக் கூடாது. ரயிலில் நிற்கும்போது பையைக் கழற்றி இரு கால்களுக்கு நடுவில் வை. ஒரு மணி நேரம் சுமக்காமல் இருப்பதே பெரிய மருந்து.

பெகு, இட்லி வியாபாரம்: மகளே, முப்பது வருடமாகத் தலைச்சுமைதான். தலையில் வைக்கிற வரைக்கும்தான் கஷ்டம், வைத்த பிறகு வலி தெரிவதில்லை. இது ஏன்?

அம்மா, நீங்களே பாதி பதிலைச் சொல்லிவிட்டீர்கள். சும்மாடு வைத்துத் தலையில் ஏற்றியபின் சுமை முதுகெலும்புக்கு நேர் மேலே நிற்கிறது. கழுத்தில் வலியோ கை மரப்போ இல்லாதவரை நடப்பதில் எனக்குப் பயமில்லை. வினை எல்லாம் தரையிலிருந்து எடுக்கிற அந்த நொடியில் இருக்கிறது. பாத்திரத்தைத் தரையில் வைக்காமல் இடுப்பு உயரத்துக்கு ஒரு மேசையோ திண்ணையோ பாருங்கள். ஏற்றிவிட எப்போதும் ஒரு ஆள் இருக்கட்டும்.

இன்னொன்றும் கவனித்திருக்கிறேன். ஆண்கள் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு காலை அகட்டி உட்கார்ந்து தூக்குகிறார்கள். நீங்கள் இறுக்கிக் கட்டும் தமெய்ன், அதாவது பெண்கள் கைலி, காலை அகட்ட விடாது. அதனால் முழங்கால் மடங்காமல் முதுகு வளைகிறது. தரையிலிருந்து எடுத்தே ஆக வேண்டும் என்றால் ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றுங்கள், பாத்திரத்தை மற்ற தொடையில் ஏற்றுங்கள், பிறகு எழுந்திருங்கள். விற்கிற இடத்தில் குந்தியே இருக்காமல் சின்ன முக்காலி போட்டு, அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நில்லுங்கள்.

தௌங்வா, விவசாயி: அப்பாவுக்குப் பல வருடமாக இடுப்பு வலி. நேற்றிலிருந்து இரண்டு காலும் தள்ளாடுகிறது, உட்காரும் இடம் மரத்திருக்கிறது, சிறுநீர் வரவில்லை. என்ன பயிற்சி செய்யலாம்?

பயிற்சி வேண்டாம். இந்தச் சீட்டைப் படித்த உடனே, அதில் இருந்த எண்ணுக்குப் போன் செய்து சொன்னதையே இங்கேயும் எழுதுகிறேன், மற்றவர்களுக்கும் தெரிய வேண்டும். சிறுநீரோ மலமோ அடைத்துக்கொள்வது அல்லது தானாகப் போவது, உட்காரும் இடம் மரப்பது, இரண்டு காலும் பலம் இழப்பது, இவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். நரம்புக் கொத்து நசுங்கியிருக்கலாம், நேரம் போனால் திரும்பாது. அதேபோல் காய்ச்சல், இரவு வியர்வை, எடை குறைவு ஆகியவற்றோடு முதுகு வலி இருந்தால் முதுகெலும்புக் காசநோயா என்று பார்க்க வேண்டும். பர்மா காசநோய் அதிகம் உள்ள நாடு, மறந்துவிடாதீர்கள்.

இன்செய்ன், தச்சர்: மருந்துக்கடையில் நாலைந்து மாத்திரையைக் கலந்து பொட்டலமாகத் தருகிறார்கள். போட்டால் அன்றைக்கே வலி போய்விடுகிறது.

போய்விடும் அண்ணே, அதுதான் என் கவலை. பெயரே எழுதாத அந்தப் பொட்டலத்தில் ஸ்டீராய்டு இருக்கலாம், இரண்டு விதமான வலி மாத்திரைகள் சேர்ந்தும் இருக்கலாம். மாதக்கணக்கில் போட்டால் வயிற்றில் புண், ரத்தக் கசிவு, சிறுநீரகக் கோளாறு. ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றும், எலும்பையும் பலவீனமாக்கும். மாதக்கணக்கில் போட்டிருந்தால் திடீரென்று நிறுத்தவும் கூடாது. மிச்சப் பொட்டலத்தைக் கையில் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள்.

ரங்கூன், ஓய்வுபெற்றவர், 58 வயது: பீலிக்கான் அங்காள பரமேசுவரிக்குப் பால்குடம் எடுக்க நேர்ந்திருக்கிறேன். இந்த இடுப்போடு முடியுமா அம்மா?

முடியும் ஐயா, இன்றைக்கே ஆரம்பித்தால். வேண்டுதலைக் கைவிடச் சொல்ல எனக்கு மனம் வராது. குடம் சின்னதாக இருக்கட்டும், அம்மனுக்கு அளவு கணக்கில்லை. முதல் வாரம் வெறுங்கையோடு நடங்கள். அடுத்த வாரம் ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றிய குடத்தோடு வீட்டுக்குள் பத்து நிமிடம். அப்படியே வாரம் அரை லிட்டராகக் கூட்டுங்கள். கொஞ்சம் வலி வந்தால் பரவாயில்லை. மறுநாள் காலைக்குள் பழைய அளவுக்குத் திரும்பிவிட்டால் நீங்கள் சரியான பாதையில் இருக்கிறீர்கள் என்று அர்த்தம். திரும்பாவிட்டால் முந்தைய அளவுக்குப் போங்கள், நிறுத்திவிட வேண்டாம். விரதத்தில் தண்ணீர் குடிப்பதைக் குறைக்காதீர்கள். வரிசையில் நிற்கும்போது குடத்தை யாராவது வாங்கிக்கொள்ளட்டும்.

மொகல் தெருவிலிருந்தே இன்னொருவர்: எல்லோரும் நட, நட என்கிறார்கள். நடந்தால் நிஜமாகவே குறையுமா? மழைக்காலத்தில் எங்கே நடப்பது?

ஆஸ்திரேலியாவில் 701 பேரை வைத்து ஒரு ஆய்வு செய்து 2024-ல் வெளியிட்டார்கள். எல்லோருமே குறுக்கு வலி வந்து ஆறியவர்கள். படிப்படியாக நடை பழகி, பிசியோவிடம் ஆலோசனையும் பெற்றவர்களில் பாதிப் பேருக்கு அடுத்த வலி வர 208 நாள் ஆனது. சும்மா விடப்பட்டவர்களில் பாதிப் பேருக்கு 112 நாளிலேயே வந்துவிட்டது. செலவு ஒரு ஜோடி செருப்புதான். அவர்கள் வைத்த இலக்கு வாரம் ஐந்து நாள், நாளுக்கு அரை மணி, ஆறு மாதத்தில் அங்கே போய்ச் சேர வேண்டும். உங்களுக்கு ஏற்கெனவே வலி இருப்பதால் பத்து நிமிடத்தில் தொடங்குங்கள்.

மழை இல்லாதபோது கந்தோஜி ஏரிக்கரை. மழையில் வழுக்கும் நடைபாதையில் போகாதீர்கள், ஒரு சறுக்கலில் எல்லாம் கெட்டுவிடும். போஜோ மார்க்கெட்டுக்குள் கூரையடியில் நடக்கலாம், காலையில் கூட்டம் சேரும் முன்னே போய்விடுங்கள். திங்கட்கிழமையும் அரசு விடுமுறை நாட்களிலும் மூடியிருக்கும்.