கேளுங்கள், சொல்கிறேன்: விளக்கை நெருக்கியும் குமிழி ஏன் கூடவில்லை?

(பதில் அளிப்பவர்: தர்மபுரியில் தாவரவியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர்)

கேள்வி: ஹைடிரில்லா என்ற நீர்ச்செடியை வைத்து, ஒளிச்சேர்க்கையில் வெளிவரும் ஆக்சிஜன் குமிழிகளை எண்ணும் சோதனை செய்தோம். விளக்கைக் கிட்டே கொண்டுவரக் கொண்டுவரக் குமிழிகள் வேகமாக வந்தன. ஒரு கட்டத்துக்கு மேல் எவ்வளவு நெருக்கினாலும் எண்ணிக்கை ஏறவில்லை. சோதனை தப்பாகிவிட்டது என்கிறார்கள் தோழிகள். உண்மையா ஐயா?
– பதினோராம் வகுப்பு மாணவி, பாலக்கோடு

பதில்: தப்பே இல்லையம்மா. அந்தச் சோதனையில் பார்க்க வேண்டியது எதுவோ அதைத்தான் நீ பார்த்திருக்கிறாய். வந்த எண்களை அப்படியே பதிவேட்டில் எழுது. கோடு நேராக வர வேண்டும் என்பதற்காக எண்களைத் திருத்தும் பழக்கம் பிள்ளைகளிடம் இருக்கிறது. எனக்கு அது மிகுந்த வருத்தம் தரும் விஷயம்.

முதலில் தூரக் கணக்கு. விளக்கை 20 செ.மீ. தூரத்திலிருந்து 40 செ.மீ. தூரத்துக்கு நகர்த்தினால் ஒளி பாதியாகாது, கால் பங்காகிவிடும். 60 செ.மீ. என்றால் ஒன்பதில் ஒரு பங்குதான். ஆகவே வரைபடத்தில் வெறும் தூரத்தைக் குறிக்காதே. ஒன்றைத் தூரத்தின் வர்க்கத்தால் வகுத்து வரும் எண்ணைக் குறி. கோடு முதலில் நேராக ஏறி, பிறகு வளைந்து, கடைசியில் படுத்துவிடும்.

ஏறும் இடத்தில் செடிக்குப் பற்றாக்குறை ஒளி. படுத்த இடத்தில் ஒளி தாராளம். பற்றாதது பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடு. காற்றில் பரவுவதைவிடத் தண்ணீரில் அது ஏறக்குறைய பத்தாயிரம் மடங்கு மெதுவாகப் பரவுகிறது. நீர்த்தாவரம் ஒளியில் குளித்துக்கொண்டே பட்டினி கிடக்கலாம். எது மிகக் குறைவாக இருக்கிறதோ அதுவே வேகத்தை நிர்ணயிக்கும் என்று இங்கிலாந்தின் தாவரவியலாளர் பிளாக்மன் 1905இல் எழுதினார். கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலை வாசலில் எத்தனை லாரி தோத்தாபுரி வந்து நின்றாலும், உள்ளே இயந்திரம் அரைக்கிற அளவுக்குத்தானே கூழ் வரும்?

இதை நீயே சரிபார்க்கலாம். விளக்கை அசைக்காமல், தண்ணீரில் ஒரு சிட்டிகை ஆப்பசோடா கரைத்துச் சில நிமிடம் பொறு. குமிழிகள் மறுபடி வேகமெடுத்தால், பற்றாமல் இருந்தது எது என்பதற்கு அதுவே சாட்சி. அள்ளிப் போட்டுவிடாதே, செடி வாடிவிடும். தண்ணீரையும் கவனி. நம் பக்கத்துக் கிணற்று நீர் கடினமானது. ஆப்பசோடாவில் இருக்கும் பைகார்பனேட் அதில் இயல்பாகவே உண்டு, கார்பன் டை ஆக்சைடுக்குப் பதிலாக ஹைடிரில்லா அதையும் எடுத்துக்கொள்ளும். சுத்திகரித்த கேன் தண்ணீரில் அது அநேகமாக இருக்காது. குடிக்க நல்ல தண்ணீர் என்று அதை ஊற்றிவிட்டு, 'செடி வேலை செய்யவில்லை' என்று சொல்லக்கூடாது.

தண்டைத் தண்ணீருக்குள் வைத்தே சாய்வாக வெட்டி, வெட்டுவாய் மேலே இருக்கும்படி நிறுத்து. அந்த வாயிலிருந்து மணி மணியாகக் குமிழி கழன்று ஏறுவதைப் பார்ப்பது எனக்கு இன்றும் சலிக்கவில்லை. ஒவ்வொரு முறை விளக்கை நகர்த்திய பிறகும் உடனே எண்ணத் தொடங்காதே. செடி புதிய ஒளிக்குப் பழகட்டும். பழைய குண்டு பல்பு என்றால் சூடு தண்ணீரில் ஏறும், கரைந்திருக்கும் காற்றே குமிழியாக வெளியேறி உன்னை ஏமாற்றும். நடுவே தண்ணீர் நிரம்பிய கண்ணாடித் தொட்டி ஒன்றை வை, அல்லது எல்.இ.டி. விளக்குக்கு மாறிவிடு.

கேள்வி: என் மீன் குட்டையில் தண்ணீர் பச்சைப்பசேல் என்று இருக்கிறது. பாசி ஆக்சிஜன் தரும் என்கிறார்கள். ஆனால் இரண்டு நாள் வானம் மூடாக்குப் போட்டால், விடியற்காலையில் கட்லாவும் ரோகுவும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. இது ஏன்?
– மீன் வளர்ப்பவர், பாரூர்

பதில்: பாசி ஆக்சிஜன் தருவது பகலில் மட்டும். மூச்சு விடுவது இரவும் பகலும். 1779இல் இங்கன்ஹவுஸ் என்ற டச்சு மருத்துவர், நீரில் அமிழ்ந்த இலைகள் வெயிலில் குமிழி விடுவதையும் இருட்டில் அது நின்றுவிடுவதையும் கண்டார். இருட்டில் செடிகள் காற்றைக் கெடுக்கின்றன என்றும் அவரே எழுதினார். உங்கள் குட்டையில் இரவெல்லாம் நடப்பது அந்த இரண்டாவது விஷயம்தான் ஐயா.

பச்சை கூடக்கூட மேல்மட்டப் பாசியே ஒளியை வாங்கிக்கொள்கிறது. அதற்குக் கீழே ஓர் ஆழத்தில், பாசி உண்டாக்கும் ஆக்சிஜனும் அதுவே செலவழிப்பதும் சமமாகிவிடும். அதற்கும் கீழே இருப்பது செலவு மட்டும். மூடாக்கு நாளில் அந்த எல்லை இன்னும் மேலே ஏறிவிடுகிறது. பகலில் சேமிப்பு குறைவு, இரவில் பாசி, மீன், அடிச்சேறு எல்லாம் சேர்ந்து எடுக்கும் செலவோ வழக்கம்போல. கணக்கு விடியும்முன் காலியாகிறது.

பச்சை எவ்வளவு அடர்த்தி என்று பார்க்க, 20 செ.மீ. அகல வட்டத் தட்டில் கறுப்பும் வெள்ளையுமாகக் கால் கால் பாகம் வண்ணம் அடித்து, கயிற்றில் கட்டி இறக்குங்கள். இத்தாலியப் பாதிரியார் செக்கி 1865இல் கடலில் இறக்கிப் பார்த்த தட்டின் வழியில் வந்தது இது. 30–40 செ.மீ. ஆழத்தில் மறைந்தால் குட்டை நல்ல நிலையில் இருக்கிறது. 20 செ.மீ.க்குள்ளேயே மறைந்தால் சாணமும் உரமும் போடுவதை நிறுத்துங்கள். மூடாக்கு நாளில் தீவனத்தையும் குறைத்துவிடுங்கள். பின்னிரவிலேயே காற்றூட்டியைப் போடுங்கள். இல்லாவிட்டால் மோட்டார் வைத்துத் தண்ணீரைச் சிதறி விழச் செய்யுங்கள். பாசியை ஒரே நாளில் மருந்தடித்துக் கொல்ல மட்டும் நினைக்காதீர்கள். செத்த பாசி அழுகும்போது, மிச்சம் இருக்கும் ஆக்சிஜனையும் அதுவே தின்றுவிடும்.