ஜெல் ஓவர்லே குறுக்கே விரிகிறதா? முதலில் விரிசல் விழுந்த இடத்தைப் பாருங்கள்

கேள்வி: பாளையங்கோட்டையில் வீட்டு முன்னறையில் சின்னதாக பியூட்டி பார்லர் நடத்துகிறேன். இயற்கை நகத்தின் மேலேயே பில்டர் ஜெல் ஓவர்லே (நகத்துக்கு வலு தரும் கெட்டி ஜெல் பூச்சு) போடுகிறேன். எட்டு, பத்து நாளில் நகத்தின் குறுக்கே கீறல் விழுந்து திரும்பி வருகிறார்கள். சித்திரை, வைகாசியில் இன்னும் அதிகம். ஜெல் கம்பெனியை மாற்றியும் தீரவில்லை. கீறல் மேலேயே கொஞ்சம் ஜெல் வைத்து க்யூர் செய்தால் (லேம்ப் ஒளியில் இறுக்கினால்) அதே இடத்தில் மறுபடி விரிகிறது. என்ன செய்யலாம்?

பதில்: கம்பெனி மாற்றுவதை முதலில் நிறுத்துங்கள். குறுக்கு விரிசல் என்றால் பெரும்பாலும் ஜெல்லின் தரம் காரணமில்லை. கனமாக இருக்க வேண்டிய இடத்தில் அது மெலிந்து கிடக்கிறது.

நகம் சதையை விட்டு விலகி வெள்ளையாகத் தொடங்கும் இடத்துக்கு ஸ்ட்ரெஸ் ஏரியா என்று பெயர். நுனியில் படும் ஒவ்வொரு இடியும் நகத்தை அங்கேதான் மடக்கப் பார்க்கும். அதனால் ஓவர்லேயின் மேடு, அதாவது அபெக்ஸ், அந்த இடத்துக்கு நேர் மேலேயோ ஒரு இழை பின்னாலோ இருக்க வேண்டும். நடுத்தர நீள நகத்துக்கு மேட்டில் ஏறக்குறைய 1 மி.மீ. கனம் வேண்டும். நுனி விசிட்டிங் கார்டு அளவுக்கும், கியூட்டிகிள் ஓரம் (நகத்தின் அடியில் தோலைத் தொடும் பக்கம்) இன்னும் மெல்லியதாகவும் இறங்கலாம். பலர் நகம் முழுக்க ஒரே கனமாகத் தடவிவிடுகிறார்கள். பார்க்க வழுவழுவென்று இருக்கும், ஆனால் தாங்காது.

போட்டு முடித்ததும் விரலைக் கண் மட்டத்துக்குத் தூக்கி, பக்கவாட்டில் பாருங்கள். பிறகு டியூப்லைட்டின் ஒளிக்கோடு நகத்தின் மேல் நீளவாக்கில் விழும்படி திருப்புங்கள். கோடு ஒரே சீராக வளைந்து போக வேண்டும். நெளிந்தால் அங்கே பள்ளம் இருக்கிறது.

சித்திரையில் அதிகமாவதற்கும் இதுதான் காரணம். அக்னி நட்சத்திர வெக்கையில் ஜெல் இளகிவிடும். நீங்கள் ஐந்து விரலுக்கும் தடவி முடிப்பதற்குள் முதல் விரலில் வைத்த மேடு இரு பக்கமும் வழிந்து தட்டையாகிவிடும். கோடையில் கெட்டிப்பதமான ஜெல்லை எடுத்துக்கொள்ளுங்கள். பேஸ் (முதல் பூச்சு) போட்டு க்யூர் செய்ததும் பில்டர் ஜெல்லை மெல்லிய ஈரப்படலமாகத் தடவி, க்யூர் செய்யாமலே அதன்மேல் ஒரு சொட்டை ஸ்ட்ரெஸ் ஏரியாவுக்குச் சற்றுப் பின்னால் வையுங்கள். பிரஷ் நகத்தில் அழுந்தாமல் மிதந்தபடி இழுத்து, கையைப் பத்து விநாடி கவிழ்த்துப் பிடித்தால் ஜெல் நடுவில் திரளும். உடனே சில விநாடி லேம்பில் காட்டி உறைய வையுங்கள். ஒரு முறைக்கு ஒரு விரல், மிஞ்சினால் இரண்டு. எல்லா விரலும் முடிந்தபின் முழு நேரம் க்யூர். ஃபைல் செய்யும்போது 180 கிரிட் (சொரசொரப்பு எண்) ஃபைலால் ஓரங்களைத் தேய்த்து வாருங்கள், மேட்டில் கை வைக்காதீர்கள்.

அடுத்த சந்தேகம் லேம்ப். வாட்ஸ் எண்ணை மட்டும் நம்பக் கூடாது. ஜெல் எந்த அலைநீளத்தில் இறுகுமோ, அது லேம்பில் இருக்க வேண்டும் (இப்போது வரும் லேம்புகளில் பெரும்பாலும் 365, 405 நானோமீட்டர் இரண்டும் உண்டு). கனமாக வைத்த ஜெல் மேலே இறுகி அடியில் மெத்தென்று நின்றுவிடும், அப்புறம் விரியும். சோதிப்பது எளிது: அலுமினியத் தாளில் அதே கனத்துக்கு ஒரு சொட்டு வைத்து க்யூர் செய்து, உரித்து, அடிப்பக்கத்தைப் பாருங்கள். பிசுபிசுத்தால் லேம்ப் போதவில்லை. கட்டைவிரலைத் தனியாகக் காட்டுங்கள், சேர்த்து வைத்தால் சாய்ந்துபோய் ஒளி சரியாகப் படாது. சார்ஜ் இறங்கிய கார்ட்லெஸ் லேம்பும் இதே வேலையைச் செய்யும். இதை அலட்சியமாக விடாதீர்கள். அரைகுறையாக இறுகிய ஜெல் தோலில் அலர்ஜியைக் கிளப்பும், ஒருமுறை வந்தால் ஆயுசுக்கும் கூடவே இருக்கக்கூடும். உங்கள் விரல்களுக்கும் அதே ஆபத்து உண்டு.

விரிசல் வேறு இடத்தில் என்றால் காரணமும் வேறு. பக்க ஓரத்தில் கீறினால் அங்கே ஜெல் எட்டவில்லை, அல்லது ஃபைல் செய்து மெலித்துவிட்டீர்கள். மேலே சிலந்திவலை மாதிரி மயிரிழைக் கீறல் என்றால் வளையும் ரப்பர் பேஸின் மேல் வளையாத டாப் கோட் (கடைசிப் பூச்சு) போட்டிருக்கிறீர்கள். நுனியை லேசாக அழுத்தினாலே வளைகிற மெல்லிய நகத்துக்கு ஹார்டு ஜெல் வேண்டாம். நகம் வளையும், ஜெல் வளையாது, விரிசல்தான் மிஞ்சும்.

ஜெல்லுக்கு முன் கையைத் தண்ணீரில் ஊறவைத்து மேனிக்யூர் செய்வதையும் விட்டுவிடுங்கள். ஊறிய நகம் உப்பும், காய்ந்ததும் சுருங்கும். மேலே இறுகிய ஜெல் கூடவே சுருங்காமல் கிளம்பிவிடும். கிளம்பிய இடத்துக்கு அடியில் தாங்கல் இல்லாததால் அங்கேயும் விரிசல் விழும். தேங்காய் எண்ணெய் தொட்ட கை, மருதாணி சிவக்க நீலகிரித் தைலம் தடவிய கல்யாணப் பெண்ணின் கை இரண்டிலும் எண்ணெய் ஒட்டியிருக்கும். கை கழுவிக் காய்ந்தபின் டீஹைட்ரேட்டர் (நகத்தின் ஈரத்தையும் எண்ணெய்ப் பசையையும் நீக்கும் திரவம்) போடுங்கள். சானிடைசர் அதற்கு ஈடாகாது, பலவற்றில் கிளிசரின் இருக்கிறது.

வந்திருப்பவர் என்ன வேலை செய்கிறார் என்று கேட்டுவிட்டு நீளத்தை முடிவு செய்யுங்கள். முக்கூடல், ஆலங்குளம் பக்கமிருந்து வருகிறவர் பீடி சுற்றுகிறவராக இருந்தால், பீடியின் தலையை மடிக்கிற விரல் நகத்தை விரல் நுனி மட்டத்துக்கே வெட்டிவிடுங்கள். தேங்காய் துருவுகிற, பாத்திரம் தேய்க்கிற கைக்கும் நீளம் ஆகாது. தேய்க்கும்போது கையுறை போடச் சொல்லுங்கள்.

விரிந்ததைச் சரிசெய்ய: மேலே ஜெல் வைத்து மூடினால் கீழே கிடக்கும் கீறல் வழியாகவே புதியதும் பிளக்கும். கீறலின் இரு பக்கமும் 2, 3 மி.மீ. அகலத்துக்கு ஜெல்லை ஃபைல் செய்து எடுங்கள். கோடு முழுதும் மறைய வேண்டும், இயற்கை நகத்தைத் தொடக் கூடாது. பக்கத்தில் ஜெல் கிளம்பியிருந்தால் அதையும் எடுங்கள். துடைத்து, டீஹைட்ரேட்டர், பேஸ், பிறகு மேட்டோடு பில்டர். இயற்கை நகமும் சேர்ந்து பிளந்திருந்தால் நீளத்தைக் குறையுங்கள். பிளவு சதை வரை போய் வலியோ ரத்தமோ இருந்தாலும், அடியில் பச்சை நிறம் தெரிந்தாலும் ஜெல் போடவே கூடாது. ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி (அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை) தோல் பிரிவுக்கோ வேறு தோல் மருத்துவரிடமோ அனுப்புங்கள். ஃபெவிக்விக் மாதிரிப் பசை வைத்து ஒட்டி அனுப்புவது வேண்டவே வேண்டாம்.

கைநகம் மாதத்துக்கு 3 மி.மீ. அளவு வளரும். அதனோடு மேடும் முன்னால் நகர்ந்துவிடும். சரியாகப் போட்ட ஓவர்லேகூட நான்காவது வாரத்தில் விரிவது இதனால்தான். மூன்றாவது வாரத்துக்குள் இன்ஃபில்லுக்கு (வளர்ந்த இடத்தில் ஜெல் நிரப்பி மேட்டைச் சரிசெய்ய) வரும்படி, போட்ட அன்றைக்கே தேதி கொடுத்து அனுப்புங்கள்.